ரயில் நின்ற இரண்டு வருடங்கள்

நஷ்டத்தில் ஓடும் ரயிலை மூடிவிடலாம் என்று யார் சொன்னாலும் எனக்கு ஃபுகுய்தான் ஞாபகம் வரும். ஜப்பான் கடலை ஒட்டிய சின்ன மாகாணம். வீட்டுக்கு எத்தனை கார் என்று எண்ணினால் ஜப்பானிலேயே முன்வரிசையில் நிற்கும் ஊர். இங்கே ரயில் யாருக்கு வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். 2001இல் அதற்குப் பதில் கிடைத்தது. அப்படி ஒரு பதில் எந்த ஊருக்கும் கிடைக்கக் கூடாது.

அப்போது ரயிலை ஓட்டியது கெய்ஃபுகு என்ற தனியார் நிறுவனம். ஒற்றைப் பாதை, பழைய பெட்டிகள், தீராத நஷ்டம். 2000 டிசம்பர் 17 அன்று, எய்ஹெய்ஜி என்ற புத்தக் கோயிலுக்குப் போகும் கிளைப் பாதையில் இறக்கத்தில் வந்த ரயிலின் பிரேக் கம்பி முறிந்தது. நிலையத்தில் நிற்க முடியாமல் முக்கியப் பாதைக்குள் ஓடி, எதிரே வந்த ரயிலில் மோதியது. ஓட்டுநர் இறந்துபோனார். அடுத்த ஜூன் 24 அன்று, சிவப்பு சிக்னலைக் கவனிக்காமல் கிளம்பிய இன்னொரு ரயில் மறுபடி நேருக்கு நேர் மோதியது. ஆறு மாதத்தில் இரண்டு விபத்து. மறுநாளே அந்த நிறுவனத்தின் எல்லா ரயிலும் நின்றது.

பதிலுக்கு பஸ் விட்டார்கள். ஆனால் ரயிலில் போனவர்களில் பலர் காரை எடுத்துவிட்டார்கள். சாலை அடைத்துக்கொண்டது, அதே நெரிசலில் பஸ்ஸும் மாட்டிக்கொண்டது. பனி கொட்டும் மாதங்களில் பஸ் எப்போது வரும் என்றே சொல்ல முடியாது. பள்ளிப் பிள்ளைகள் தாமதமாகப் போனார்கள், இல்லையென்றால் அம்மாவோ அப்பாவோ கொண்டுபோய் விட வேண்டும். கார் ஓட்டாத வயதானவர்கள் வெளியே போவதையே குறைத்துக்கொண்டார்கள். ரயிலில் ஏறாதவர்களுக்கும் அந்த ரயில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. 'எதிர்மறைச் சமூகப் பரிசோதனை' என்று இதை ஜப்பானில் இன்றும் சொல்கிறார்கள்.

அதன் பிறகு ஊர் எடுத்த முடிவுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2002 செப்டம்பரில் உள்ளூர் அரசுகளும் தனியாரும் சேர்ந்து எச்சிசென் ரயில்வேயைத் தொடங்கினார்கள். தண்டவாளம், கருவிகள் போன்ற செலவு மாகாணத்துக்கு. ஓட்டுவதில் வரும் நஷ்டம் வழியில் உள்ள நகராட்சிகளுக்கு. 2003 ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையே கட்சுயாமா பக்கம் 27.8 கிலோமீட்டரும் மிகுனி பக்கம் 25.2 கிலோமீட்டரும் படிப்படியாகத் திறந்தன. அடுத்த பத்தாண்டுக்குள் வருடத்துக்கு 30 லட்சம் பேருக்கு மேல் ஏறத் தொடங்கினார்கள்.

நான் போனது ஒரு காலை நேரம், கூட்டம் குறைந்த பிறகு. ஒரே ஒரு பெட்டி. ஆளில்லாத நிலையம் ஒன்றில், துணிப்பையோடு ஒரு பாட்டி மெதுவாக வந்துகொண்டிருந்தார். பெட்டியில் உதவிக்கு இருந்த பெண் கீழே இறங்கிப் பையை வாங்கிக்கொண்டார், கை கொடுத்து ஏற்றினார். பாட்டி உட்கார்ந்த பிறகு குனிந்து டிக்கெட் கொடுத்தார். இருவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். அவசரப்படுத்த ஒருவரும் இல்லை. இந்தப் பணியாளர்களை மறுபடி தொடங்கியபோதே போட்டார்கள். பல நிலையங்களில் ஆள் இல்லாவிட்டாலும் பெட்டிக்குள் ஒரு மனிதர் வேண்டும் என்று யோசித்தவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

2022 ஏப்ரலில், மேற்கு ஜப்பானில் ரயில் ஓட்டும் பெரிய நிறுவனமான ஜேஆர் மேற்கு, ஆள் குறைவாக ஏறும் 17 வழித்தடங்களில் 30 பகுதிகளின் நஷ்டக் கணக்கை வெளியிட்டது. கணக்கைச் சொல்வது சரிதான், மறைப்பதைவிட நல்லது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. ஃபுகுய் சாலைகளில் பனியை உருக்க நிலத்தடி நீரைத் தெளிக்கும் குழாய்கள் பதித்திருக்கிறார்கள். அது பொதுப்பணம், யாரும் அதை நஷ்டம் என்று எழுதுவதில்லை. பக்கத்துத் தண்டவாளத்தின் பனியை மட்டும் டிக்கெட் காசில் ஏன் தள்ள வேண்டும்?

நான் எய்ஹெய்ஜிகுச்சியில் இறங்கினேன். முதல் விபத்து இதன் அருகில்தான் நடந்தது. இங்கிருந்து கோயிலுக்குப் போன 6.2 கிலோமீட்டர் கிளை மட்டும் திரும்ப வரவே இல்லை, 2002இல் மூடிவிட்டார்கள். தண்டவாளம் இருந்த தடம் இப்போது நடைபாதை. நிலையத்துக்கு வெளியே வந்து கோயில் பஸ்ஸுக்காக நின்றேன். பாட்டியை ஏற்றிக்கொண்ட ரயில் கட்சுயாமா பக்கம் கிளம்பிப் போனது.