கேட்ட மொழியைத் தராமலே முடிந்தது என்கிற பில்ட்

பன்மொழிக் கையேடு ஒன்றைத் தொகுப்பதற்கு முன் பில்ட் அமைப்பை, அதாவது மூலக் கோப்புகளிலிருந்து கையேட்டை உருவாக்கும் நிரல்களின் அமைப்பைச் சரிசெய்ய உட்காரும் ஒவ்வொரு முறையும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தமிழைக் கேட்டால் தமிழைத் தர வேண்டும், இல்லையென்றால் முடியாது என்று சொல்லி நிற்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் ஒரு மொழியை வழியிலேயே உதிர்த்துவிட்டு, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அறிவிக்கும் கருவிகளை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

நாங்கள் வேலை செய்வது பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தென்னந்தோப்பு மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஆங்கிலம், தமிழ், மலையாளம் என மூன்று மொழிகளிலும் கையேடு வேண்டும். இங்கே ஒரே வீட்டில் தாத்தாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும், பேத்தி பள்ளியில் மலையாளம் படிப்பாள். எந்த மொழியையும் விட்டுவிட முடியாது.

கையேடுகளை உருவாக்கும் மென்பொருளான ஸ்ஃபிங்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அமைப்புக் கோப்பில் மொழி தமிழ் என்று தெளிவாக எழுதிய பிறகும், பிடிஎஃப் ஆக்குவதற்கு அது தானாகத் தேர்ந்துகொள்வது பிடிஎஃப்லேடெக் என்ற அச்சுக்கோப்பு எஞ்சினைத்தான். சீனத்துக்கும் கிரேக்கத்துக்கும் ஸீலேடெக்கையும், ஜப்பானியத்துக்கு யூபிலேடெக்கையும் சொல்லாமலே எடுத்துக்கொள்ளும் அதே நிரலுக்கு, தமிழும் மலையாளமும் பிடிஎஃப்லேடெக்கில் வராது என்பது மட்டும் தெரியாமல் போனது ஏன்? ஸீலேடெக்குக்கு அடிப்படையான, யூனிகோட் எழுத்துகளை நேரடியாகக் கையாளும் ஸீடெக் 2004இலேயே வந்துவிட்டது. பிடிஎஃப்லேடெக்கோ, இன்றைக்கும் முதல் தமிழ் எழுத்தைக் கண்டதுமே, இந்த யூனிகோட் எழுத்து லேடெக்கில் அமைக்கப்படவில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறது. அதுவாவது பரவாயில்லை, வாய் திறந்து சொல்கிறது.

எஞ்சினை ஸீலேடெக்காக மாற்றிய பிறகுதான் உண்மையான கொடுமை தொடங்குகிறது. எழுத்துருவை அறிவிக்கும் வரியில் ஸ்கிரிப்ட் (எழுத்துமுறை) தமிழ் என்று தனியாகக் குறிப்பிடாவிட்டால், ‘மோட்டார்’ என்ற சொல்லில் மகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் நிற்கிறது. மலையாளத்தில் கூட்டெழுத்துகள் சந்திரக்கலையோடு (நம் புள்ளியைப் போன்ற குறி) பிரிந்து கிடக்கின்றன. பிழைச்செய்தி எதுவும் கிடையாது. எழுத்துருவில் ஓர் எழுத்தே இல்லையென்றால்கூட, அந்த இடத்தில் வெற்றுக் கட்டத்தைப் போட்டுவிட்டு, ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ என்ற ஒரு வரியை நீண்ட லாக் கோப்புக்குள் புதைத்துவிட்டு, பிடிஎஃப் தயார் என்கிறது. இந்த எஞ்சின்களைத் தொகுத்து வழங்கும் டெக் லைவின் 2021ஆம் ஆண்டு வெளியீட்டிலிருந்து, டிரேசிங்லாஸ்ட்சார்ஸ் என்ற அமைப்புக்கு 3 என்று மதிப்புக் கொடுத்தால் இது பிழையாகவே கணக்கில் வரும். ஆனால் அதை நாமே தேடிக் கண்டுபிடித்து எழுதினால்தான் உண்டு. குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டங்களில், தொகுப்பதற்கு முன் கணினியைச் சோதிக்கும் கன்ஃபிகருக்கும் இதே குணம்தான்: மொழிபெயர்ப்புக் கோப்பைத் தொகுக்கும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கிடைக்கவில்லை என்றால், ‘நோ’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுகிறது.

இவற்றையெல்லாம்விட என்னால் மன்னிக்கவே முடியாதது ஒன்று உண்டு. ஆங்கில மூலத்தில் ஒரு காற்புள்ளி மாறினால் போதும். மூல வாக்கியங்களையும் அவற்றின் மொழிபெயர்ப்பையும் வைத்திருக்கும் பிஓ கோப்பைப் புதுப்பிக்கும்போது அந்த வாக்கியத்தின் மொழிபெயர்ப்பு ‘ஃபஸி’ (சரிபார்க்க வேண்டியது) என்று குறிக்கப்பட்டுவிடும், பில்டும் அதை ஒதுக்கிவிட்டு ஆங்கிலத்தையே அச்சிடும். பெட்டியைத் திறக்கும் முன் மெயின் சுவிட்சை அணைக்கவும் என்ற எச்சரிக்கை, எங்கள் தமிழ்க் கையேட்டின் ஒரு பதிப்பில் இப்படித்தான் ஆங்கிலமாகிப் போனது. மேலும் கீழும் தமிழ், நடுவில் உயிரைக் காக்க வேண்டிய அந்த வரி மட்டும் ஆங்கிலம். எச்சரிக்கைகளைப் பிழையாகக் கொள்ளும் டபிள்யூ தெரிவையும் கொடுத்துத்தான் தொகுத்திருந்தோம். மொழிபெயர்ப்பு விடுபடுவது ஸ்ஃபிங்ஸின் கணக்கில் எச்சரிக்கையே அல்ல என்பதால், பில்ட் நிற்கவில்லை. மும்முனை மின்சாரம் ஓடுகிற பெட்டி அது.

எம்எஸ்ஜிஎஃப்எம்டியிடம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கேட்டால், எத்தனை வாக்கியங்கள் முடிந்தன, எத்தனை ஃபஸி, எத்தனை விடுபட்டன என்று நொடியில் சொல்லிவிடுகிறது. கணக்கு கையில் இருக்கும்போது, அதைப் பார்த்து பில்டை நிறுத்துகிற வேலையை மட்டும் ஒவ்வொரு சிறிய குழுவும் தனித்தனியாக ஸ்கிரிப்ட் எழுதிச் செய்துகொள்ளட்டும் என்று விட்டிருப்பது என்ன நியாயம்? அமைப்புக் கோப்பில் ஒரு மொழியை எழுதினால் அது முழுமையாக வர வேண்டும் என்பதே இயல்பான அமைப்பாக இருக்கட்டும். அரைகுறையாக வந்தால் போதும் என்பவர்கள் அந்த அமைப்பை முடக்கிக்கொள்ளட்டும்.