குழாய்த் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டும் வித்தை

காய்ச்சி வடித்த தண்ணீரை, அதாவது ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடித்த நீரை, குடித்தால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. குடிப்பதால் எந்த நோயும் தீரப்போவதும் இல்லை. உறவினர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன். எலும்பிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தை அது உறிஞ்சிவிடும் என்று சிலர் வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிறார்கள். சிறுநீரகக் கல்லைக் கரைக்கும், இனிப்புநீரை (சர்க்கரை நோயை) இறக்கும் என்று சொல்லி ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்கு நீர் வடிக்கும் இயந்திரம் விற்கிறார்கள் வேறு சிலர். எனக்குக் கோபம் இந்த விற்பனைக்காரர்கள் மேல்தான்.

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு மண்டபத்தில் இந்த விற்பனையை நேரில் பார்த்தேன். முன்வரிசை முழுக்கப் பணி ஓய்வு பெற்றவர்கள். மேசைமேல் இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் இயந்திரம் வடித்தது. உலோகக் கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் கொடுத்தார் ஓர் இளைஞர். சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் துருநிறத்தில் கலங்கி, மேலே அழுக்கு நுரை திரண்டது. மற்ற குவளை பளிச்சென்று அப்படியே இருந்தது. “இதைத்தானே அம்மா பேரப்பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? கம்பியிலிருந்து. தண்ணீரில் கொஞ்சம் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி அரித்துத் துருவாகத் தண்ணீரில் இறங்கும். வடித்த நீரில் உப்பு இல்லை, மின்சாரம் பாயவில்லை, கம்பி அரிக்கவில்லை. அதில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டிருந்தால் அதுவும் கலங்கியிருக்கும். விலை உயர்ந்த கனிமநீரை ஊற்றினாலும் இதே கதிதான். பள்ளிக்கூட வேதியியலைக் கொண்டு வயதானவர்களைப் பயமுறுத்தி ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கறப்பதை வேறு எந்தப் பெயரால் அழைப்பது?

அடுத்து, பேனா போன்ற டிடிஎஸ் மீட்டரை எடுத்தார். அது கரைந்திருக்கும் உப்புகளின் அளவைத்தான் மதிப்பிடும். கிருமியையும் பூச்சிக்கொல்லியையும் அதற்குத் தெரியாது. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்கச் சுவையாக இருக்கும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

எலும்பு கெடும் என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிறவர்கள் பேச்சில் ஓரளவு நியாயம் உண்டு. அதே நிறுவனம் 2005இல் வெளியிட்ட தொகுப்பில், கனிமம் நீக்கிய நீரை நெடுங்காலம் குடிப்பது பற்றி எச்சரிக்கும் கட்டுரை ஒன்று இருக்கிறது. லிட்டருக்குக் குறைந்தது 20 மில்லிகிராம் கால்சியமும் 10 மில்லிகிராம் மக்னீசியமும் வேண்டும் என்கிறது அது. ஆனால் கோலாலம்பூரில் நாம் குடிப்பது மழை நிரப்பும் ஆற்று நீர், இயல்பிலேயே மென்னீர். சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிவதுபோல் நம் கெட்டிலில் படிவதில்லையே! லிட்டருக்கு 20 என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு லிட்டரில் கிடைப்பது 40 மில்லிகிராம் கால்சியம். ஒரு குவளைப் பாலில் 200க்கு மேல். 100 கிராம் கேழ்வரகில் 300க்கு மேல். மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு இந்த இழப்பு பெரிதில்லை.

எனக்குக் கவலை, பட்டினி கிடந்து இந்த நீரை மட்டும் குடித்து ‘உடம்பைச் சுத்தம்’ செய்கிறவர்களைப் பற்றித்தான். இனிப்புநீர் மாத்திரை போடுகிறவர் இப்படிச் செய்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும். சிறுநீரகக் கல் வராமலிருக்கப் போதிய அளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது உண்மை. அதற்குக் காய்ச்சிய குழாய்த் தண்ணீரே போதும். குழந்தைகளின் பல்லுக்காக நம் குழாய் நீரில் லிட்டருக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம் ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். வடித்தால் அது போய்விடும்.

நம் தண்ணீரில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் மாநிலத்தின் ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. வீட்டில் இயந்திரம் வைத்திருந்தவர் குழாயும் அன்று காய்ந்துதான் கிடந்தது. தின்னர் போல எளிதில் ஆவியாகும் ரசாயனங்கள் நீராவியோடு சேர்ந்தே எழும், கரி வடிகட்டி இல்லாத இயந்திரம் அவற்றைத் தடுக்காது. ஆற்றை நாசமாக்குகிறவர்களைக் கேள்வி கேட்க வேண்டிய நேரத்தில் ஆளுக்கொரு இயந்திரம் வாங்கி வீட்டுக்குள் அடைந்துகொள்வது எனக்கு ஒப்பவில்லை. அந்த இயந்திரமோ ஒரு லிட்டருக்கு முக்கால் யூனிட் மின்சாரத்தை விழுங்குகிறது.

சுவை பிடித்திருந்தால் தாராளமாகக் குடியுங்கள். கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் மூடிவையுங்கள். கார் பேட்டரிக்கென விற்பதை மட்டும் வாங்கிக் குடிக்காதீர்கள், அது குடிப்பதற்காக நிரப்பப்பட்டதல்ல. வீடு தேடி வந்தவரிடம் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு ஒரு தகவல்: 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டப்படி 10 வேலை நாள்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். எழுத்தில் கொடுத்து, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை.