திருப்பிச் சொல்வதும் பேச்சுதான்

ஆட்டிசம் உள்ள குழந்தை நாம் கேட்ட கேள்வியையே நம்மிடம் திருப்பிச் சொன்னால், "கிளிப்பிள்ளை மாதிரி சொல்லாதே, ஒழுங்காகப் பதில் சொல்" என்று அதட்டும் பழக்கம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் இன்னும் இருக்கிறது. எக்கோலாலியா எனப்படும் இந்தப் பேச்சை அடக்க முயல்வது, அக்குழந்தையின் கையில் இருக்கும் மொழியையே பிடுங்குவதாகும் என்பது என் உறுதியான கருத்து.

ஆட்டிசத்தை 1943இல் விரிவாக விவரித்த மனநல மருத்துவர் லியோ கானர், "நாயைப் பால்கனியிலிருந்து எறியாதே" என்று தொடர்பில்லாமல் சொல்லிவந்த ஒரு சிறுவனைப் பற்றி 1946இல் எழுதினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவன் பொம்மை நாயைத் திரும்பத் திரும்பக் கீழே எறிந்தபோது தாய் சலிப்புடன் சொன்ன வாக்கியம் அது. அதன் பிறகு எதையாவது எறியத் தோன்றும்போதெல்லாம், தன்னைத் தடுத்துக்கொள்ள அதையே அவன் சொல்லிவந்தான். பொருளற்றதாகத் தோன்றிய அந்தப் பேச்சில் நினைவும் தன்கட்டுப்பாடும் இருந்திருக்கின்றன. பேச்சு மொழி வல்லுநர்களான பாரி பிரிசன்ட்டும் ஜூடித் டூக்கனும் 1981இல் வெளியிட்ட ஆய்வும், கேட்டதை உடனே திருப்பிச் சொல்வதில் தன் முறைக்குப் பேசுவது, ஆம் என்பது, வேண்டியதைக் கேட்பது என ஏழு வகைப் பயன்களை இனங்கண்டது.

"தண்ணீர் வேண்டுமா?" என்று சொல்லியபடி ஒரு குழந்தை குவளையைப் பார்த்தால், அது தண்ணீர் கேட்கிறது. உடனே தண்ணீரைக் கொடுத்து, குழந்தையே சொல்ல வேண்டிய வடிவில், "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று நிதானமாகச் சொன்னால் போதும். சரியாகச் சொல்லும்வரை குவளையை எட்டாமல் பிடித்திருப்பதை என்னால் ஏற்கவே முடியாது. தாகத்தோடு நிற்கும் குழந்தைக்கு அது பாடமாகாது, பேச்சின் மீதான அச்சத்தையே வளர்க்கும். அதேபோல் "இது என்ன, அது என்ன" என்று சோதித்துக்கொண்டே இருப்பதைக் குறைத்து, குழந்தை எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதைப் பற்றி ஓரிரு சொற்கள் பேசிவிட்டு, அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும்.

பேச்சே வராத குழந்தைகளுக்குப் பட அட்டைகளையோ பேசும் செயலியையோ கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதரவில்லை. சில குழந்தைகளிடம் பேச்சு சற்றுக் கூடவும் செய்திருக்கிறது. பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தைக்கும் செவித்திறன் சோதனை செய்துவிடுவது அவசியம்.

பெற்றோரிடம் நான் வேண்டுவது, குழந்தை திருப்பிச் சொல்லும் வாக்கியத்தையும், அதை முதலில் எங்கே கேட்டிருக்கக்கூடும் என்பதையும், சொன்ன நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, அதைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கொண்டுசெல்லுங்கள்.