பொம்மிக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்

பொம்மிக்கு நான்கு வயது. இங்கிலீஷ் புல்டாக். விஷயத்தைச் சொன்னதும் பலரும் கேட்பது ஒன்றுதான்: "நல்லா இருக்கிற நாய்க்கு எதுக்குக் கத்தி? அதுவும் புல்டாக், மயக்கத்திலிருந்து எழுந்திருக்குமா?" நியாயமான பயம். இரண்டு வருடமாக எங்களைத் தள்ளிப்போட வைத்ததும் அதே பயம்தான்.

புல்டாகுக்கு மூக்குத் துவாரம் ஒடுக்கம். மேலண்ணத்தின் பின்பகுதி நீண்டு தொண்டைக்குள் தொங்கும். பல நாய்களுக்கு மூச்சுக்குழாயே சிறுத்திருக்கும். விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள்தான் அந்த வழியைத் திறந்து வைக்கின்றன. மயக்கத்தில் அவை தளர்ந்தால் வழி அடைத்துக்கொள்ளும். ஆபரேஷன் நடக்கும்போது தொண்டையில் குழாய் இருப்பதால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. குழாயை எடுத்த பிறகு அரைமயக்கத்தில் கிடக்கும் நேரம்தான் உண்மையான கண்டம்.

அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றைக் கேட்டே ஆக வேண்டும். மயக்கம் கொடுக்கும் முன்பே ஆக்சிஜன் கொடுப்பீர்களா? நன்றாக விழித்துத் தலையைத் தூக்கும்வரை குழாயை விட்டுவைப்பீர்களா? அப்புறமும் பக்கத்தில் ஆள் இருப்பாரா? ஒரு கிளினிக்கில் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். நாங்கள் வேறு இடம் பார்த்தோம்.

ஆபரேஷனே வேண்டாம் என்று விட்டுவிட்டால் ஆபத்து போய்விடுமா? போகாது. ஒவ்வொரு ஹீட்டுக்கு (இணை சேரும் பருவத்துக்கு) பிறகும் சுமார் இரண்டு மாதம் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கிறது. அதில் கிருமி புகுந்து சீழ் கட்டுவதுதான் பயோமெட்ரா. ஸ்வீடனில் பெரும்பாலான பெண் நாய்களுக்குக் கருத்தடை செய்யும் வழக்கம் இல்லாதிருந்தது. அங்குள்ள காப்பீட்டுப் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், பத்து வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு நாய்க்கு இது வந்திருக்கிறது. கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே தெரியாது. நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், சாப்பிடாது, சோர்ந்து படுத்துவிடும். அப்போதும் பெரும்பாலும் அதே ஆபரேஷன்தான், அதே தொண்டைதான். ஆனால் உடம்பில் விஷம் ஏறிய நிலையில், கிடைத்த ஆஸ்பத்திரியில், கேள்வி கேட்க நேரமில்லாமல் நடக்கும். மயக்க மருந்துக்குப் பயப்படுகிறவர்கள் முதலில் பயப்பட வேண்டியது அந்த அவசர ஆபரேஷனுக்குத்தான் என்பது என் கருத்து.

"ஒரு தடவையாவது தாயாகட்டுமே, பாவம்" என்பது என் மாமியாரின் ஆதங்கம். பாசத்தில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் ஒருமுறை குட்டி போடுவதால் நாயின் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. அதிலும் புல்டாக் குட்டிகளின் தலை பெரிது, தாயின் இடுப்பு குறுகல். பிரிட்டனில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் பத்துப் பிரசவத்தில் எட்டுக்கும் மேல் சிசேரியன். அங்கேயும் மயக்க மருந்துதானே வருகிறது?

மறுபக்கமும் உண்டு. மார்புக் கட்டி வராமல் தடுக்கும் பலன் சின்ன வயதிலேயே செய்தால்தான் பெரிதாகக் கிடைக்கும். நான்கு வயதில் அதை ஒரு காரணமாக நான் சொல்ல மாட்டேன். சில நாய்களுக்குப் பிற்பாடு தூக்கத்தில் சிறுநீர் கசியும், அதற்கு மருந்து இருக்கிறது. எடை ஏறுவதுதான் எனக்குப் பெரிய கவலை. கர்ப்பப்பையோடு சினைப்பையும் போய்விடுவதால் தீனியைக் குறைக்காவிட்டால் உடம்பு போட்டுவிடும். கொழுத்த புல்டாகுக்குச் சென்னை மே மாதத்தில் மூச்சு விடுவதே பாடு. மாமியாரின் தயிர்சாத உருண்டைகளை இப்போதே நிறுத்தியாகிவிட்டது.

ஹீட் நேரத்தில் கர்ப்பப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால், அது முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வதே நல்லது. பொம்மிக்கு அக்டோபரில் முடிந்தது. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துக்கொண்டு, பொங்கல் கழிந்ததும் காலை முதல் ஆபரேஷனாக வைக்கச் சொல்லியிருக்கிறோம். வெயிலும் இருக்காது, பகல் முழுக்க டாக்டர் கண்ணெதிரில் இருப்பாள்.

வளர்ந்த புல்டாகுக்கு இதைச் செய்தவர்கள் யாராவது இருந்தால், முதல் இரவை எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள். ஏசி அறையில் படுக்க வைத்தீர்களா? தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டினால் அந்தக் கழுத்துக்கு நிற்கிறதா, இல்லை துணிச்சட்டைதான் சரிப்படுமா?