கத்தத் தெரிந்த மீட்டர்

காற்றில் மொட்டைமாடி டிஷ் லேசாகத் திரும்பிவிட்டது. சரி, நாமே பார்ப்போம் என்று முள் வைத்த சிக்னல் மீட்டர் ஒன்று வாங்கினேன். அதுதான் பெரிய தலைவலி. எந்தச் செயற்கைக்கோள் மாட்டினாலும் கீச்சென்று கத்துகிறது. எனக்கு வேண்டியது 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15. அது வேறு, பக்கத்தில் இருப்பது வேறு என்று இதற்குத் தெரியவே தெரியாது. முள் முழுசாக ஏறி நிற்கிறது, கீழே டிவியில் ஸ்ட்ரெங்த் 80, குவாலிட்டி பூஜ்யம்! ஸ்ட்ரெங்த் என்பது சிக்னல் எவ்வளவு வருகிறது என்பது; குவாலிட்டி என்பது அது நமக்கு வேண்டிய சிக்னல்தானா, தெளிவாக வருகிறதா என்பது. படம் வருவது குவாலிட்டியால்தான். அதை இந்த மீட்டர் காட்டுவதில்லை.

36,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பதைப் பிடிக்கிறோம், இரண்டு டிகிரி பிசகினாலே போச்சு. ஒருவழியாகப் பிடித்து நட்டை முறுக்கினால், அந்த முறுக்கிலேயே டிஷ் மறுபடி நகர்கிறது.

"வந்துச்சா?"

"இருந்துச்சு, போயிடுச்சுப்பா!" என்று கீழேயிருந்து மகள்.

உச்சி வெயிலில் மூன்று மணி நேரம். குவாலிட்டி காட்டாது என்று டப்பாவின் மேல் ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா?