எங்களைக் கேட்காமல் எங்கள் கிளையைக் கலைக்க நீங்கள் யார்?

தென்காசி மாவட்டத்தின் தாலுகா மருத்துவமனைகளில் இயங்கி வந்த எங்கள் செவிலியர் சங்கக் கிளைகள் அனைத்தும் திருநெல்வேலிக் கிளையோடு இணைக்கப்பட்டுவிட்டதாகச் சங்கத் தலைமையிடமிருந்து ஒரு பக்கச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. இணைக்கலாமா என்ற கேள்வி அதில் எங்கும் இல்லை. ரசீதுப் புத்தகம், தீர்மானப் புத்தகம், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைக் கிளைப் பொறுப்பாளர்கள் மாத இறுதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்ற உத்தரவுதான் இருக்கிறது. மருத்துவமனை நிர்வாகம் இப்படி ஒரு முடிவைத் தன்னிச்சையாக எடுத்து எங்கள் தலையில் கட்டியிருந்தால், மறுநாள் காலையிலேயே வாயிலில் நின்று கோஷம் எழுப்பியிருப்போம். எங்கள் சந்தாவில் நடக்கும் சங்கம் எடுத்த முடிவு என்பதற்காக மட்டும் நாங்கள் பேசாமல் இருக்க வேண்டுமா?

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து, மாநிலத்தின் 33-ஆவது மாவட்டமாகத் தென்காசி 2019 நவம்பரில் செயல்படத் தொடங்கியது. எந்தச் சான்றிதழுக்கும் எந்த மனுவுக்கும் நெல்லைக்கு ஓட வேண்டியிருக்கிறதே என்று இந்தப் பகுதி மக்கள் ஆண்டுக்கணக்கில் பட்ட பாடு தனி மாவட்டக் கோரிக்கைக்குப் பின்னால் இருந்தது. அரசாங்கமே ஒப்புக்கொண்ட அந்தத் தொலைவு, எங்களிடமிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட பொறுப்பாளர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். சிவகிரியிலோ செங்கோட்டையிலோ இருப்பவருக்கு அதைவிடத் தொலைவு. புதிய பேருந்து நிலையத்தில் இறங்கிய பிறகு, கூட்டம் நடக்கும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பகுதிக்கு இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்குக் கூட்டம் என்றால் யாரால் வர முடியும் என்று இந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவர்கள் ஒரு நிமிடமாவது யோசித்தார்களா? காலைப் பணியில் இருப்பவர் அந்த நேரத்தில் வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார். மாலைப் பணிக்குப் போக வேண்டியவர் பாளையங்கோட்டை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மதியத்துக்குள் தன் மருத்துவமனைக்குத் திரும்ப முடியாது. இரவுப் பணி முடித்தவர் 12 மணி நேரம் நின்ற கால்களோடு, கண்ணை மூடாமல், நேராகப் பேருந்து ஏற வேண்டும். மிச்சம் இருப்பவர் வார விடுப்பில் இருப்பவர் மட்டுமே. பிள்ளைகளுக்கும் வீட்டுக்கும் என்று அவருக்கு இருக்கிற ஒரே நாள் அது. ஆக, கூட்டத்தில் உட்கார்ந்து கை தூக்கப் போகிறவர்கள் நகரத்துக்குள் குடியிருப்பவர்கள்தான். அவர்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர்களும் எங்கள் சகோதரிகளே. ஆனால், என் மருத்துவமனைக்கான முடிவை, என் மருத்துவமனையைப் பார்த்தே இராதவர்கள் எடுக்கும்படி ஓர் அமைப்பை வடிவமைப்பதை ஒற்றுமை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு இடங்களின் பிரச்சினைகளும் ஒன்றா என்று கேட்டால், இல்லை. நெல்லை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முடிவெடுப்பவர் டீன். எங்களுக்கு மேலே இருப்பவர்கள் தலைமை மருத்துவரும், மாவட்டத்தின் நலப்பணிகள் இணை இயக்குநரும். அங்கே கொடுக்க வேண்டிய மனுவின் முகவரியும் வேறு, அதன் உள்ளடக்கமும் வேறு. இந்திய நர்சிங் கவுன்சில்கூட, கற்பிக்கும் மருத்துவமனையில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்றப் பொது மருத்துவமனையில் 5 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்று தனித்தனி அளவுகோல்தான் வைத்திருக்கிறது. அந்த அளவுகோல் எதுவும் எங்கள் இரவுகளை எட்டிப் பார்த்ததில்லை. வார்டு, பிரசவ அறை, அவசர சிகிச்சை என மூன்றையும் ஒரே ஆளாக ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டு, குடித்துவிட்டு வந்து சத்தம் போடும் துணையாட்களையும் தனியாகச் சமாளிக்கும் நிலைமை எங்களுடையது. இருநூறு பேர் அமர்ந்திருக்கும் கூட்டத்தில் அதை எழுந்து சொல்லப் போகிறவர் இரண்டு பேர். நிகழ்ச்சி நிரலில் எங்கள் கோரிக்கை எத்தனையாவது இடத்தில் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கிளை என்றால் என்ன என்று தலைமை நினைத்துக்கொண்டிருக்கிறது? ஒரு செவிலியருக்கு, அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(பி) பிரிவின் கீழ், விளக்கம் கேட்டுக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு அவர் பிரசவ அறையில் இருந்ததால்தான் வார்டில் நோயாளி கட்டிலிலிருந்து விழுந்ததைத் தடுக்க முடியவில்லை என்பது அதே மருத்துவமனையில் பணிபுரியும் கிளைச் செயலாளருக்குத் தெரியும். அந்த வாரத்துப் பணிப் பட்டியலைப் பார்த்தவர் அவர். எந்தக் கட்டில், எந்த மருத்துவர் அழைப்பில் இருந்தார், எத்தனை மணிக்குப் பிரசவம் நடந்தது என்று எல்லாவற்றையும் பதிவேட்டிலிருந்து எடுத்துக் காட்டக்கூடியவர் அவர். தன் பணி முடிந்த கையோடு வந்து உட்கார்ந்து, அழுதுகொண்டிருப்பவரைத் தேற்றி, விளக்கக் கடிதத்தை வரிக்கு வரி சேர்ந்து எழுதுகிறவர் அவர். எங்கள் மருத்துவமனையில் இது நடந்திருக்கிறது. அந்தச் சகோதரி இன்றும் வேலையில் இருக்கிறார். இனி இதற்கு நெல்லைக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டுமாம். பொறுப்பாளர் எடுக்கும்வரை காத்திருந்து, எடுத்த பிறகு மருத்துவமனையின் அமைப்பையே முதலிலிருந்து விளக்க வேண்டும். குறிப்பாணை கையில் இருக்கும் நாட்களில் ஒருவரின் மனநிலை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கவே மாட்டார்கள்.

எண்ணிக்கை கூடினால் பலம் கூடும் என்பதே தலைமை சொல்லும் முதல் காரணம். நான் அதை மறுக்கிறேன். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் பணியில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரம் என்ற வாக்குறுதி நிறைவேறாமல் போனபோது, 2017 நவம்பரில் சென்னைத் தேனாம்பேட்டையில் சுகாதாரத் துறையின் தலைமை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தை நிறைத்தார்கள், மறு ஆண்டே தொகுப்பூதியம் 14,000 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கூட்டம் ஒரு சுற்றறிக்கையால் சேர்ந்த கூட்டமா? எங்கள் பகுதியிலிருந்து போனவர்களைப் பொறுத்தவரை, அவர்களின் பணியை இரண்டு மடங்காகச் சுமந்து, பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டு, வண்டிச் செலவுக்குப் பணம் திரட்டி அனுப்பி வைத்தவர்கள் அந்தந்த மருத்துவமனையின் சக செவிலியர்கள். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்கள் 2022 டிசம்பர் 31-ஆம் நாளோடு விடுவிக்கப்பட்டபோதும், யார் எந்த ஊரில் என்ன நிலையில் இருக்கிறார் என்ற விவரம் கிளைகளிடம்தான் இருந்தது. தலைமையின் பலம் என்று இவர்கள் மேடையில் சொல்வது முழுக்க இந்தக் கிளைகளில் விளைந்தது.

இரண்டாவது காரணம், சில கிளைகள் செயல்படவில்லை, கணக்கு ஒப்படைக்கவில்லை என்பது. அதில் உண்மை இருக்கிறது. செயலாளர் இடமாறுதலில் போன பிறகு ஆள் கிடைக்காமல் பூட்டிக் கிடக்கும் கிளைகள் இருக்கின்றன. அந்தக் கிளைகளின் உறுப்பினர்களே கேட்டால், பக்கத்துத் தாலுகாவோடு இணைத்துவிடுங்கள். ஆனால், அங்கே ஏன் ஆள் கிடைக்கவில்லை என்று யாராவது போய்க் கேட்டதுண்டா? ஒரு புதிய செயலாளருக்குக் கணக்கு எழுதவும் மனு எழுதவும் தலைமை ஒரு நாளாவது பயிற்சி கொடுத்ததுண்டா? ஒன்றும் செய்யாமல் வாட விட்டு, வாடிவிட்டது என்று காரணம் காட்டிப் பிடுங்குவதோடு, நன்றாக நடக்கும் கிளைகளையும் சேர்த்துப் பிடுங்குவது என்ன நியாயம்?

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஓர் உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் அன்று மாலைக்குள் அவர் கையில் ஒரு தொகை போய்ச் சேரும்படி நாங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த நிதி எங்கள் கிளைக் கணக்கில் இருக்கிறது. அதில் தொகுப்பூதியச் செவிலியர்களின் பணமும் இருக்கிறது. இணைப்புக்குப் பிறகு அதை யார், எந்த விதியின்படி, எத்தனை நாளில் கொடுப்பார்கள் என்று சுற்றறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. கேள்வி கேட்கலாம் என்றால், எங்களைச் சேர்த்திருக்கும் புதிய வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டுமே பதிவிட முடியும். பழைய குழுவில் நாங்கள் பணி மாற்றிக்கொள்ளவும் ரத்தம் தேடவும் வருத்தத்தைச் சொல்லவும் முடிந்தது. புதிய குழுவில் இருநூறு பேர் இருந்தும் ஒரு குரல்தான் கேட்கிறது.

இரண்டு பதிவுபெற்ற தொழிற்சங்கங்கள் ஒன்றாக வேண்டுமென்றால், ஒவ்வொரு சங்கத்திலும் வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் வாக்களித்திருக்க வேண்டும், பதிவான வாக்குகளில் குறைந்தது 60 விழுக்காடு ஆதரவாக இருக்க வேண்டும் என்று 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வகுத்தது. ஒரே சங்கத்தின் கிளைகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று எங்களுக்குப் பதில் சொல்கிறார்கள். பொருந்தாமல் இருக்கலாம். ஆங்கிலேயர் காலத்துச் சட்டமே தொழிலாளிக்கு அளித்த மரியாதையை, தொழிலாளியின் சங்கம் அளிக்க மறுப்பதற்கு அது ஒரு காரணமா?

எங்கள் கோரிக்கை எளியது. இந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். ஒவ்வொரு மருத்துவமனையிலும், மூன்று பணி நேரங்களில் இருப்பவர்களும் விடுப்பில் இருப்பவர்களும் வாக்களிக்கும் அளவுக்கு வாக்குப்பெட்டியைச் சில நாட்கள் வையுங்கள். தொகுப்பூதியச் செவிலியர்களையும் வாக்களிக்க விடுங்கள். கிளை நிதி என்னவாகும் என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். எண்ணும்போது ஒவ்வொரு கிளையின் வாக்கையும் தனியாக எண்ணுங்கள். எங்கள் கிளையின் பெரும்பான்மை இணைப்பை ஏற்றால், எனக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும் கட்டுப்படுவேன். அதுவரை ரசீதுப் புத்தகத்தையும் தீர்மானப் புத்தகத்தையும் ஒப்படைக்கப் போவதில்லை என்று எங்கள் கிளையில் கூடித் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம். நகல் பதிவுத் தபாலில் வந்துகொண்டிருக்கிறது.