தொலைந்ததா, திருடு போனதா?

பதினோரு ஆண்டுகளாகக் கல்லூரி மாணவர்களுக்கு மாடி அறைகளை வாடகைக்கு விட்டுவருகிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஜூன் மாதம் பெட்டியோடு வந்திறங்கும் பிள்ளைகளுக்கு மெஸ், ஜெராக்ஸ் கடை, சலூன் எல்லாம் நானே காட்டிவிடுவேன். காவல் நிலையத்தை மட்டும் அவர்களாகவே ஒரு நாள் கண்டுபிடிப்பார்கள், பெரும்பாலும் செல்போன் திருட்டின் புண்ணியத்தில்.

போன மாதம் ஒரு பையனோடு நானும் போனேன். பஸ் நெரிசலில் சட்டைப் பையிலிருந்து பதினான்காயிரம் ரூபாய் போனை உருவிவிட்டார்கள். ரைட்டர் மனுவைப் படித்தார். ‘திருடப்பட்டது’ என்ற சொல் வந்ததும் பேனா நின்றது. “தம்பி, இதை மட்டும் ‘தொலைந்துவிட்டது’ என்று மாற்றி எழுதி வா. இப்போதே ரசீது போட்டுத் தருகிறேன்.” அதட்டல் இல்லை, பரிவாகத்தான் சொன்னார். பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் எதிர்க்கடைக்குப் போய் வெள்ளைத்தாள் வாங்கி வந்தேன்.

கைக்கு வந்தது சி.எஸ்.ஆர். ரசீது. சமுதாயப் பணிப் பதிவேடு என்பது அதன் விரிவு. தொலைந்தது என்றால் திருடன் இல்லை, எஃப்.ஐ.ஆர். இல்லை, நிலையத்தின் குற்றக் கணக்கிலும் ஒன்று கூடாது. இதில் சமுதாயத்துக்கு நடந்த பணி எது என்று எனக்கு விளங்கவில்லை.

பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இலேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 173-ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. அதே நாளில் வந்த புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவில் ஒரு வேடிக்கை: ஐந்தாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறை திருடி மாட்டியவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அவனுக்குத் தண்டனை சமுதாய சேவை. பறிகொடுத்தவனுக்குத்தான் சமுதாயப் பணி ரசீது என்று நினைத்திருந்தேன்.

ரசீதை ஒரேயடியாகப் பழிக்கவும் மாட்டேன். அதைக் காட்டித்தான் மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் போனை முடக்கினோம். சான்றிதழ் தொலைந்தால் நிலையத்துக்கு அலையாமல் தமிழகக் காவல்துறையின் இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். நல்ல வசதிதான். ஆனால் அது உண்மையிலேயே தொலைத்தவர்களுக்கு.

அன்று நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? 1992-இல் நான் கல்லூரி மாணவன். அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் விசாரணைக்குக் கொண்டுபோனவர் இறந்தார், அவர் மனைவி அங்கேயே வன்கொடுமைக்கு ஆளானார். அந்தச் செய்தியை விடுதி வராந்தாவில் சத்தம் போட்டுப் படித்தோம். அன்றிலிருந்து காக்கிச் சட்டைக்கு முன்னால் என் குரல் ஒரு படி இறங்கிவிடும். இந்தப் பையனுக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. திரும்பும் வழியில், “ஐயா, நாம் எழுதிக் கொடுத்தது பொய்தானே?” என்று கேட்டான். டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

கல்லூரிகளில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறார்கள், போதை எதிர்ப்புப் பேரணிக்குத் தொப்பி கொடுக்கிறார்கள். நடத்தட்டும். ஆனால் மனுவில் எழுதியதை எழுதியபடி வாங்கிக்கொண்டாலே எனக்குப் போதும்.

வரும் ஜூனில் என் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லப்போகிறேன்: சொல்லை மாற்றாதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள், 173(4) அதற்கு இடம் தருகிறது. பதிவுத் தபால் செலவு என்னுடையது.